இடி விழுந்த கணினியும் ஐந்து வரிப் பட்டியலும்

2025 ஏப்ரலில் ஒரு மதியம் மாமா கூப்பிட்டார். "மாப்ளே, இடி எறங்கிருச்சு. எடைக் கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. வெளியில எட்டு லோரி நிக்குது."

நான் கிள்ளானில் வேலையில் இருந்தேன். மாமாவின் ரேம்ப், அதாவது செம்பனைக் குலைகளை எடைபோட்டு வாங்கி ஆலைக்கு அனுப்பும் இடம், இருப்பது மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில். 2007-இல் பெயர்ப்பலகை மாறியது. எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை. சிறுதோட்டக்காரர்கள் குலைகளை லோரியில் கொண்டுவந்து எடைபோட்டு, சிட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். வெட்டிய குலை கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் ஏறும் என்பதால் சீக்கிரம் ஆலைக்கு அனுப்பியாக வேண்டும். "நாளைக்கு வாங்க" என்று யாரையும் திருப்பி விட முடியாது. எடைக்கூடத்து அக்கா கார்பன் தாள் வைத்த பழைய சிட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்துவிட்டார் என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த எடை நிரலை எழுதியது நான். 2020-இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது, பைத்தான் நிரல் மொழியில் ஆறு வாரத்தில் கட்டினேன். எடைப்பாலத்தின் எண் காட்டும் பெட்டி சீரியல் கம்பி வழியாக எடையை அனுப்பும். நிரல் அதைப் படித்து, லோரி எண்ணோடு சேமித்து, சிட்டு அச்சடித்து, மாலையில் மொத்தக் கணக்கை மாமாவின் டெலிகிராமுக்கு அனுப்பும். நான் எழுதியது சுமார் 900 வரி. மற்றதெல்லாம் ஊரார் எழுதி இலவசமாகக் கொடுத்த லைப்ரரிகள், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகள். எவை வேண்டும் என்ற பட்டியலில் ஐந்தே வரி: திரைக்கு ஃபிளாஸ்க், எடைப்பெட்டியோடு பேச பைசீரியல், சிட்டுக்கு ரிப்போர்ட்லேப், மாதக் கணக்குக்கு பாண்டாஸ், டெலிகிராமுக்கு ரிக்வெஸ்ட்ஸ். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரட்டைச் சமக்குறி போட்டு, பதிப்பு எண்ணையும் எழுதியிருந்தேன். ஃபிளாஸ்க் 1.1.2, ரிக்வெஸ்ட்ஸ் 2.24.0, இப்படி. பதிப்பைப் பூட்டிவிட்டோம், இனிப் பயமில்லை என்று ஐந்து வருடம் நிம்மதியாக இருந்தேன்.

எடைப்பெட்டி பிழைத்துக்கொண்டது. போனது கணினியின் மதர்போர்டும் பவர் சப்ளையும். அக்கா மகன் தன்னுடைய பழைய மடிக்கணினியைக் கொண்டுபோய் வைத்தான். நான் காரை ஓட்டிக்கொண்டே ஸ்பீக்கரில் சொல்லச் சொல்ல, அவன் பைத்தான் 3.8-ஐ ஏற்றினான். பழைய கணினியில் விண்டோஸ் 7 இருந்ததால் அன்று அதைத்தான் போட்டிருந்தேன். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பைத்தான் 3.8. இப்போது விண்டோஸ் 10 என்றாலும் அதே பதிப்பையே போடச் சொன்னேன். அவசரத்தில் எதையும் புதிதாக மாற்றக் கூடாது. அந்த அளவுக்காவது புத்தி இருந்தது.

"அப்புறம் சீரியல் லைப்ரரிய போடு" என்றேன். பிப் என்பது லைப்ரரிகளை இணையத்திலிருந்து இறக்கி ஏற்றும் கருவி. அவன் நான் சொன்னபடியே 'பிப் இன்ஸ்டால் சீரியல்' என்று அடித்தான். ஏதோ வந்தது. பிழையே இல்லாமல் ஏறியது. நிரலுக்குள் அழைக்கும் பெயர் 'சீரியல்'தான்; ஆனால் பைத்தான் லைப்ரரிகள் கிடைக்கும் பைபிஐ என்ற இணையக் கிடங்கில் அதன் பெயர் 'பைசீரியல்'. 'சீரியல்' என்ற பெயரில் அங்கே கிடைப்பது வேறு யாரோ வேறு வேலைக்கு எழுதிய லைப்ரரிப் பொதி. இரண்டும் ஒரே பெயருள்ள கோப்புறையில் போய் உட்காரும். பிறகு பைசீரியலைப் போட்டாலும் குழப்பம்தான். முதலில் இரண்டையும் நீக்கிவிட்டுப் பைசீரியலை மட்டும் மறுபடி ஏற்ற வேண்டும். இதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போனது. நல்லவேளை, அந்த 'சீரியல்' பொதி யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. பிரபலப் பொதிகளின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, உள்ளே திருட்டு நிரலை வைத்துக் காத்திருப்பவர்களும் அதே கிடங்கில்தான் கடை போடுகிறார்கள். பையன் மேல் தப்பில்லை. வாய்வழியாகப் பொதிப் பெயர் சொன்ன நான்தான் முட்டாள்.

ரேம்ப்பை அடைந்தபோது ஏழு மணி. மழை விட்டிருந்தது. மடிக்கணினிக்கு என் கைபேசி ஹாட்ஸ்பாட்தான் இணையம். பாண்டாஸும் அது இழுத்துக்கொண்டு வரும் நம்பையும் இறங்கி முடிக்காது போலிருந்தது. மாதக் கணக்கு அன்றிரவு வேண்டாம் என்று பாண்டாஸ் வரியை எடுத்துவிட்டு மற்றவற்றை ஏற்றினேன். எல்லாம் ஏறின. நிரலை ஓட்டினேன். ஒரே வரியில் செத்தது: ஜிஞ்சா2-விலிருந்து 'எஸ்கேப்' என்ற பெயரை எடுக்க முடியவில்லை.

என் பட்டியலில் ஜிஞ்சா2 என்ற பெயரே கிடையாது. அது ஃபிளாஸ்க் தன்னோடு கூட்டி வருவது. ஃபிளாஸ்க் 1.1.2 கேட்பது "ஜிஞ்சா2, 2.10.1 அல்லது அதற்கு மேல்" என்றுதான், மேல் எல்லை எதுவும் சொல்லவில்லை. 2020-இல் கேட்டபோது 2.11.2 வந்தது. 2025-இல் கேட்டால் 3.1 வரிசை வருகிறது. அந்தப் பெயரை 3.1-இல் நீக்கிவிட்டார்கள். சொல்லாமல் நீக்கவில்லை; முன்பே எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். என் கணினிதான் ஐந்து வருடம் எந்தப் புதுப்பிப்பையும் பார்க்காமல் எடை போட்டுக்கொண்டிருந்தது.

சரி, ஜிஞ்சா2-வை 3.0.3-இல் நிறுத்தினேன். அடுத்த பிழை: இட்ஸ்டேஞ்சரஸிலிருந்து 'ஜேசன்' வரவில்லை. இதுவும் ஃபிளாஸ்க் கூட்டி வந்த ஆள். இப்படி ஒவ்வொன்றாக அமுக்கினால் இன்னொன்று தலை தூக்கும் என்று தெரிந்தது. கையை எடுத்துவிட்டு ஃபிளாஸ்கின் மாற்றக் குறிப்புகளைப் படித்தேன். 2021 மே மாதம் வந்த 1.1.3-இல், கூட வரும் நான்கு பேருக்கும் மேல் எல்லை போட்டிருக்கிறார்கள்: வெர்க்ட்சாய்க், ஜிஞ்சா2, கிளிக், இட்ஸ்டேஞ்சரஸ். உடனே அடுத்து வந்த 1.1.4-ஐ ஏற்றினேன். நால்வரும் பழைய பதிப்புகளில் ஒழுங்காக வந்து நின்றார்கள். 'முடிந்தது' என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

முடியவில்லை. மார்க்அப்சேஃப் என்ற ஒன்றிலிருந்து 'சாஃப்ட் யூனிகோட்' வரவில்லையாம்.

இது ஃபிளாஸ்க் கூட்டி வந்ததும் இல்லை. ஃபிளாஸ்க் கூட்டி வந்த ஜிஞ்சா2 கூட்டி வந்தது. ஜிஞ்சா2 2.11.3, மார்க்அப்சேஃபுக்குக் கீழ் எல்லை மட்டும் வைத்திருக்கிறது. 2022 பிப்ரவரியில் வந்த மார்க்அப்சேஃப் 2.1.0 அந்தப் பெயரை நீக்கியது. பிள்ளைகளுக்கு வேலி போட்டார்கள், பேரன் வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். மார்க்அப்சேஃப் 2.0.1 என்று ஒரு வரி எழுதினேன். திரை வந்தது. பதினொன்று இருபது. அக்கா கையால் எழுதிய 31 சிட்டுகளையும் உட்கார்ந்து ஏற்றிவிட்டு, மமாக் எனும் இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ரோத்தி சானாயும் தே தாரிக்கும் முடித்து வீட்டுக்குப் போக மணி ஒன்று.

ரிக்வெஸ்ட்ஸ் மட்டும் அன்றிரவு வாயே திறக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். 2.24.0-இல் அதை எழுதியவர்கள் அதனோடு வரும் பெரும்பாலான லைப்ரரிகளுக்கு மேல் எல்லையும் போட்டிருந்தார்கள். ஆனால் எல்லோரும் இப்படிப் போட்டால் இரண்டு பொதிகளின் எல்லைகள் ஒன்றோடொன்று மோதி எதையுமே ஏற்ற முடியாமல் போகும். அதனால் லைப்ரரி எழுதுகிறவர்கள் தளர்த்தி எழுதுவதைக் குறை சொல்ல மாட்டேன். இறுக்கிக் கட்ட வேண்டியது கடைசியில் நிரலை ஓட்டுகிற என் வேலை.

மறுநாள் விடுப்பு போட்டேன். செத்த கணினியின் வன்தட்டைக் கழற்றி யூஎஸ்பி கம்பியில் மாட்டினேன். தட்டு உயிரோடு இருந்தது. நான் தேடியது எடைக் கணக்கை இல்லை, அது தினமும் நகலாகிக்கொண்டிருந்தது. பைத்தான் கோப்புறைக்குள் 'சைட் பேக்கேஜஸ்' என்று ஒன்று இருக்கும். அதில் ஒவ்வொரு லைப்ரரிக்கும் 'டிஸ்ட்-இன்ஃபோ' என்று முடியும் கோப்புறை உண்டு. அதன் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும். கணினி எழுந்து நிற்காவிட்டாலும் கோப்புறைப் பெயர்களைப் படித்தால் போதும். ஒரு தாளில் எழுதினேன்: ஃபிளாஸ்க் 1.1.2, ஜிஞ்சா2 2.11.2, வெர்க்ட்சாய்க் 1.0.1, மார்க்அப்சேஃப் 1.1.1, கிளிக் 7.1.2, இட்ஸ்டேஞ்சரஸ் 1.1.0... எண்ணிப் பார்த்தால் மொத்தம் 19. நான் கூப்பிட்டது ஐந்து பேரை.

அப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக இருந்தவர். செக்ரோல் எனும் ஆள் வருகைப் பதிவேட்டை எழுதுவது அவர் வேலை. தாளைப் பார்த்து "இது என்ன?" என்றார். விளக்கினேன். "கங்காணி பேர மட்டும் எழுதிட்டு 'அவரோட ஆளுங்க'ன்னு போட்டா தொர விடுவாரா? வந்த ஆளு ஒவ்வொருத்தன் பேரும் இருக்கணும்" என்றார். அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. என் ஐந்து வரி கங்காணிகளின் பட்டியல்.

அன்று மதியமே 'பிப் ஃப்ரீஸ்' கொடுத்து முழுப் பெயர்களையும் பதிப்போடு ஒரு கோப்பில் எடுத்தேன். இதை 2020-இலேயே செய்திருக்க வேண்டும். ஒரு கட்டளை, இரண்டு விநாடி. ஆனால் ஃப்ரீஸ் தரும் பட்டியலில் எது நான் கேட்டது, எது கூட வந்தது என்று தெரியாது. அதனால் இப்போது இரண்டு கோப்பு வைத்திருக்கிறேன். ஒன்றில் எனக்கு வேண்டியவை மட்டும், கையால் எழுதியது. இன்னொன்று அதிலிருந்து 'பிப்-கம்பைல்' உருவாக்கும் முழு செக்ரோல். ஒவ்வொரு பெயரும் யாரால் வந்தது என்று பக்கத்திலேயே குறிப்பும் போடும். இரண்டாவதைக் கையால் தொடுவதில்லை.

அந்தச் செக்ரோலில் ஒவ்வொரு பொதிக்கும் ஹேஷும் சேர்த்தேன். கைரேகை மாதிரி, கோப்பில் ஒரு பைட் மாறினாலும் ரேகை பொருந்தாது, பிப் ஏற்ற மறுக்கும். எனக்கு இதில் பிடித்தது வேறு ஒன்று. ஹேஷ் முறையை இயக்கிவிட்டால், பட்டியலில் பெயர் இல்லாத ஒருவரையும் பிப் உள்ளே விடாது. மார்க்அப்சேஃபை எழுத மறந்தால், ஐந்து வருடம் கழித்து இடி விழுந்த ராத்திரியில் தெரியவராது; இன்றே பிழை காட்டும். கிராணி கதவில் நிற்கிற மாதிரி.

அப்புறம், கிடங்கையே நம்பிக்கொண்டிருக்கவும் முடியாது. 2016 மார்ச்சில் ஒருவர் தன் பொதிகளை, ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான என்பிஎம் கிடங்கிலிருந்து எடுத்துவிட, 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரி நிரல் காணாமல் போய், அதை எங்கோ ஆழத்தில் நம்பியிருந்த பெரிய திட்டங்கள் எல்லாம் நின்றன. 2022 மே மாதம் பைபிஐ-யில் 'சிடிஎக்ஸ்' என்ற பழைய பொதியைக் கவனித்து வந்தவரின் மின்னஞ்சல் இருந்த இணையப் பெயர் (டொமைன்) காலாவதியானது. வேறு ஒருவர் அதை வாங்கி, கணக்கைப் பிடித்து, கணினியின் இரகசியங்களைத் திருடும் நிரலை ஏற்றினார். எங்கள் ரேம்ப்பில் திருட என்ன இருக்கிறது என்று மாமா சிரித்தார். டெலிகிராம் சாவி இருக்கிறது, வங்கிக் கணக்கு எண்களோடு இருநூறு சிறுதோட்டக்காரர்கள் இருக்கிறார்கள் என்றேன். சிரிப்பு நின்றது.

ஆகவே 'பிப் டவுன்லோடு' கொடுத்து எல்லாப் பொதிகளையும் ஒரு பென்டிரைவில் இறக்கினேன். ஏற்றும்போது இணையக் கிடங்கைப் பார்க்காதே, இந்தக் கோப்புறையில் மட்டும் தேடு என்று பிப்பிடம் சொல்லலாம். ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு வெறும் பென்டிரைவிலிருந்து ஏற்றிப் பார்த்தேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

பாண்டாஸைத் திரும்பச் சேர்க்கவில்லை. அது நல்ல லைப்ரரி, அலுவலகத்தில் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் இங்கே அது செய்தது, ஆள்வாரியாக எடையையும் பணத்தையும் கூட்டுவது மட்டும். அந்த ஒரு வேலைக்காகத் தன்னையும் சேர்த்து ஐந்து பேரைக் கூட்டி வந்து சோறு போட வைத்தது. பைத்தானோடு வரும் சிஎஸ்வி, டெசிமல் தொகுதிகளை வைத்து 14 வரியில் எழுதிவிட்டேன். 19 பேர் 14 ஆனார்கள்.

இதில்தான் எதிர்பாராத ஒன்று. எடைப்பெட்டி அனுப்பும் ஒவ்வொரு வரியையும் முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தேன். திட்டமிட்டது இல்லை, சோதனைக்குப் போட்டதை அழிக்கச் சோம்பல். அதிலிருந்து மார்ச் மாதம் முழுவதையும் பழைய நிரலுக்கும் புதிய நிரலுக்கும் ஊட்டி, வந்த கணக்குகளை ஒப்பிட்டேன். மூன்று சிட்டுகளில் ஒரு காசு வித்தியாசம். 1,245 கிலோ, டன்னுக்கு 873 வெள்ளி (ரிங்கிட்) என்றால் 1,086 வெள்ளி 88 காசும் அரையும் வரும். அந்த அரையை எந்தப் பக்கம் தள்ளுவது? நான் பழைய நிரலில் மிதவைப் புள்ளி எண்ணில் கணக்குப் போட்டு, முழுமையாக்குவதை லைப்ரரியின் வழக்கத்துக்கு விட்டிருந்தேன். அக்காவின் கால்குலேட்டர் மேலே தள்ளியது; புதியதும் அப்படியே. ஐந்து வருடமாக யாருக்கோ ஒரு காசு குறைந்திருக்கிறது. மாமாவிடம் சொன்னேன். "கையில குடுக்கறப்ப அஞ்சு காசுக்கு சரிக்கட்டிடுறோம்ல" என்றார். பேங்கில் போடுவதற்கு அது பொருந்தாதே என்றேன். எதுவும் சொல்லாமல் எழுந்து போய் லோரியைப் பார்த்தார்.

பழைய பதிப்புகளிலேயே நிற்கவும் மனம் வரவில்லை. அக்கா இப்போது கைபேசியிலும் கடை வைஃபையில் எடை நிரலின் பக்கத்தைத் திறக்கிறார், ஃபிளாஸ்க் 1.1 வரிசைக்கு இனித் திருத்தம் வராது. 'பிப்-ஆடிட்' ஓட்டினால் அறியப்பட்ட பாதுகாப்புக் குறைகளின் நீளமான பட்டியல் வந்தது. அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை, ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். ஜிஞ்சா2 2.11.2-இல் உள்ள ஒரு குறை, எழுத்துக்குள் இணைய முகவரி தேடும் வடிகட்டியில். நான் அதைத் தொட்டதே இல்லை. ஆனாலும் மொத்தமாகப் பார்த்தால் மாறியே ஆக வேண்டும்.

மே, ஜூன் ஞாயிறுகளில் படிப்படியாக ஏற்றினேன். ஒரே தாவலில் ஃபிளாஸ்க் 3.0.3-க்குப் போகாமல் 2.0, 2.2, 2.3 என்று நின்று நின்று போனேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் 'இது அடுத்துப் போய்விடும்' என்ற எச்சரிக்கைகளைப் படிக்கலாம் என்பதற்காக. 2.2-இல் பழைய நாடகமே மறுபடி: அது வெர்க்ட்சாய்க்குக்கு மேல் எல்லை வைக்கவில்லை, 3.0 வந்து நின்றது, 'யூஆர்எல் க்வோட்' காணவில்லை. இந்த முறை பத்து விநாடியில் காரணம் தெரிந்தது. வெர்க்ட்சாய்க்கை 2.3.8-இல் நிறுத்தினேன். எடைப்பெட்டியின் கம்பியைத் திறக்க நான் நம்பியிருந்த 'முதல் கோரிக்கைக்கு முன்' என்ற வசதி ஃபிளாஸ்க் 2.3-இல் போய்விட்டது. அதைத் தொடக்கத்திலேயே திறக்கும்படி மாற்றினேன். உண்மையில் முதலிலேயே அப்படித்தான் எழுதியிருக்க வேண்டும்.

கடைசியில் ஒரு சறுக்கல். முழு செக்ரோலையும் வீட்டில் என் லினக்ஸ் கணினியில், பைத்தான் 3.11-இல் உருவாக்கிக் கொண்டுபோனேன். ரேம்ப் மடிக்கணினி ஏற்ற மறுத்தது: கலராமாவின் பெயர் பட்டியலில் இல்லை. கிளிக் 8, விண்டோஸில் மட்டும் கலராமாவைக் கேட்கும். அதே மாதிரி ஃபிளாஸ்க் 3.0, பைத்தான் 3.10-க்குக் கீழே இருந்தால் மட்டும் இம்போர்ட்லிப்-மெட்டாடேட்டாவைக் கேட்கும். அது ஜிப்பைக் கூட்டி வரும். என் வீட்டுக் கணினியில் மூவருக்கும் வேலை இல்லை, அதனால் பட்டியலில் ஏறவே இல்லை. ஹேஷ் முறை இல்லாவிட்டால் பிப் பேசாமல் அவர்களை இணையத்திலிருந்து இழுத்து வந்திருக்கும், எனக்குத் தெரிந்தே இருக்காது. இப்போது செக்ரோலை அந்த மடிக்கணினியிலேயே உருவாக்குகிறேன். மொத்தம் 18 பேர்.

ஒரே ஒருவரை மட்டும் இறுக்கிப் பூட்டி மறந்துவிடக் கூடாது: சர்ட்டிஃபை. அதற்குள் இருப்பது நிரல் என்பதைவிட, இணையத்தில் யாரை நம்பலாம் என்ற வேர்ச் சான்றிதழ்களின் தொகுப்பு. அது பழையதானால் ஒரு நாள் டெலிகிராம் இணைப்பு பாதுகாப்பில்லை என்று நின்றுபோகும். அதற்காகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்ரோலைப் புதுப்பித்து, மார்ச் மாதக் கோப்பை ஊட்டிப் பார்த்து, பென்டிரைவை மாற்றுகிறேன்.

ரிப்போர்ட்லேப்பைத் தொடவில்லை. சிட்டில் பெயர்களைத் தமிழில் அச்சிட ஒருமுறை முயன்றேன். என்னிடம் உள்ள பதிப்பில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. அது தனிக் கதை. பைத்தான் 3.8-ம் 2024 அக்டோபரோடு ஆதரவு முடிந்தது. அதையும் ஏற்ற வேண்டும். தீபாவளி விடுமுறையில் ரேம்ப் மூடியிருக்கும்போது வைத்துக்கொள்ளலாம் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.

பென்டிரைவ் இப்போது எடைக்கூடத்து இரும்பு அலமாரியில், கார்பன் சிட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 18 பெயர்களையும் அச்சடித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்துவிட்டு, "இதுல யாருப்பா சம்பளம் வாங்குறது?" என்று கேட்டார்.